சனி மாலைக்கும் செவ்வாய் காலைக்கும் நடுவே

குடிகாடு
12.8.2024

இளவரசுக்கு,

கலியமூர்த்தி எழுதுவது. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உன் அக்கா போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் பதிவுத் தபால். நான் சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. தெரியாது என்று நீயும் சொல்ல முடியாது.

போன சனிக்கு முந்தின சனி நீ வேனைப் பட்டறைக்குக் கொண்டு வந்தாய். கீழே தண்ணீர் அடித்து, ஆயில் கசிகிற இடத்தைத் துடைத்துக் கொடுங்கள், நவம்பரில் எஃப்.சி. சோதனை வரும்போது வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றாய். நான் முடியாது என்றேன். உள்ளே உட்கார்ந்திருந்த டயாலிசிஸ்காரர்கள் காதில் விழும்படி "இந்த வண்டியில ஏறாதீங்க" என்றும் சொன்னேன். அது தப்பு. அவர்களை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை.

உன் வேன் பதினாறு வருஷத்து வண்டி. ஆயில் ஒழுகாத பழைய வண்டி கிடையாது. தரையில் சொட்டினால் நான் கவலைப்பட மாட்டேன். அளவு பார்த்து ஊற்றிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டு என்று நானே சொல்வேன். இது இன்ஜின் மேல்மூடியான ஹெட்டின் பேக்கிங்கில், சைலன்சர் குழாய் போகிற பக்கமாகக் கசிகிறது. கடலூர் போய்ச் சேர்வதற்குள் அந்தக் குழாய் எவ்வளவு சூடேறியிருக்கும் என்று உனக்குத் தெரியும். எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்காதே. எதன் மேல் ஒழுகுகிறது என்று பார்.

ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, பேக்கிங் மாற்ற முழுசாக இரண்டு நாள் வேண்டும். எப்போது கொடுக்கிறாய் என்று எழுது.

கலியமூர்த்தி


கீரப்பாளையம்
16.8.2024

கலியமூர்த்தி அவர்களுக்கு,

தபால் வந்தது. கையெழுத்து வாங்கும்போது போஸ்ட்மேன் "கோர்ட்டு நோட்டீஸா தம்பி?" என்று கேட்டார். எங்க அக்கா வீட்டுக்காரரு என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் என்று எழுதிவிடுகிறீர்கள். என் வாரம் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? செவ்வாய், வியாழன், சனி. விடிகாலை நாலு மணிக்கு இங்கிருந்து கிளம்பி, சிதம்பரம் வரை எட்டு பேரை வீடு வீடாக ஏற்றி, ஆறு மணிக்குக் கடலூரில் மெஷின் முன்னால் விட வேண்டும். இவர்களுக்கு முறை கிடைத்தது அங்கேதான். நாலு மணி நேரம் ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது ஒருவராலும் நேராக நிற்க முடியாது. அவர்களைப் பஸ்ஸில் ஏற்றச் சொல்கிறீர்களா? ராமாமிர்தம் டீச்சருக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழே இல்லை. ஆரோக்கியராஜ் அண்ணனை அவர் சம்சாரம் ஜான்சி அக்காதான் இடுப்பில் கை கொடுத்துக் கூட்டி வருவார்.

நீங்கள் அன்று கத்திய பிறகு டீச்சர் வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறார். கடலூர் வந்ததும்தான் திறக்கிறார். சந்தோஷமா?

நவம்பரில் எஃப்.சி. அதற்கு முன்னால் தீபாவளி வாரத்தில் பார்க்கலாம். அதுவரை ஆயில் ஊற்றி ஓட்டுவேன். வாரம் அரை லிட்டர்தான் குடிக்கிறது. இரண்டு நாள் என்பீர்கள், பிறகு இன்னும் ஒரு நாள்தானே என்பீர்கள். உங்கள் 'ஒரு நாள்' எப்படி இருக்கும் என்று நான் ஏற்கெனவே பார்த்தவன்.

இளவரசு


குடிகாடு
22.8.2024

இளவரசுக்கு,

இன்று காலை ஐந்தரைக்கு நீ பட்டறையைத் தாண்டினாய். தாண்டும்போது வேகம் கூட்டுகிறாய். என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மிதிக்கிறாய், அது புரிகிறது. மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வருவது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது.

சாதாரணத் தபாலில்தான் இதைப் போடுகிறேன். உன் போஸ்ட்மேன் பயப்பட வேண்டாம்.

தீபாவளிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. மூன்று விஷயம் கேட்கிறேன், உண்மையாகப் பதில் எழுது. எண்ணெய் கருகுவது போல உள்ளே வாசனை வருகிறதா? நிறுத்தினதும் பானெட் இடுக்கில் புகை வருகிறதா? வாரம் அரை லிட்டர் என்றாயே, இன்னும் அரை லிட்டர்தானா?

அத்தை விஷயத்தை இதில் இழுக்காதே. அது வேறு, இது வேறு.

கலியமூர்த்தி


கீரப்பாளையம்
30.8.2024

கலியமூர்த்தி அவர்களுக்கு,

அது வேறு இது வேறு என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

இந்த வண்டியை நான் வாங்கியதே அம்மாவுக்காக. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது வழியில் இரண்டு பேர், பிறகு நாலு பேர் என்று சேர்ந்தார்கள். 2022 நவம்பரில் கிளட்ச் வேலைக்கு வண்டியை உங்களிடம் விட்டேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கொடுப்பதாகச் சொன்னீர்கள். சாயந்திரம் போன் போட்டால், "பேரிங்கு வரல இளவரசு, மழ. நாளைக்கு மதியந்தான். ஒரு நாளுதான, அத்தைக்கு ஒண்ணும் ஆவாது" என்றீர்கள். சனிக்கிழமை முறை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. திங்கட்கிழமை காலை சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குள் போகும்போதே முடிந்துவிட்டது.

மற்ற ஏழு பேர் எப்படியோ கார் பிடித்துப் போயிருந்தார்கள்.

அதற்கப்புறம் நான் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஜுரத்தில் ஓட்டியிருக்கிறேன். வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டு போன அன்றைக்கும் ஓட்டினேன். வண்டியை நிறுத்து என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் கேட்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். வாசனை வருகிறது. ஜான்சி அக்கா நேற்று, "தம்பி, எண்ண காயிற மாதிரி அடிக்குதே, அவருக்குக் கொமட்டுது" என்றார். நிறுத்தினால் புகை கொஞ்சம் வருகிறது. ஆயில் இப்போது வாரம் ஒன்றரை லிட்டர்.

எழுதிவிட்டேன். எனக்கும் பயமாக இருக்கிறது, போதுமா? ஆனால் எந்த நாளில் நிறுத்துவது? எந்த இரண்டு நாளை எடுத்தாலும் அதில் ஒரு முறை இருக்கிறது.

இளவரசு


குடிகாடு
4.9.2024

இளவரசுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் அக்கா கேட்டாள், வண்டி சமாச்சாரம் என்றேன்.

ஒன்றரை லிட்டர் என்றால் தீபாவளி வரை போகாது. இந்த மாதத்துக்குள் பிரித்தாக வேண்டும்.

எந்த இரண்டு நாள் என்று கேட்டாய். சனிக்கிழமை மதியம் அவர்கள் மெஷினை விட்டு இறங்கினால் அடுத்த முறை செவ்வாய் காலை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் காலி. வாரத்தில் நமக்கு இருக்கிற இடைவெளி அது ஒன்றுதான். 21ஆம் தேதி சனிக்கிழமை எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்டு வண்டியை இங்கே கொண்டு வா. பேக்கிங், போல்ட்டு எல்லாம் முன்னாடியே வாங்கி வைத்துவிடுவேன். லேத்துக்காரர் பொன்னுரங்கத்திடம் ஞாயிறு கடையைத் திறக்கச் சொல்லிப் பேசுகிறேன். பேச்சு தவறினாலும் தவறலாம் என்று செவ்வாய்க்கிழமைக்கு சபாபதியின் டிராவல்ஸ் வேனைச் சொல்லி வைத்துவிடுகிறேன். நம் வண்டி தயாரானால் அது வேண்டாம். ஆகாவிட்டால் நாலு மணிக்கு உன் வாசலில் நிற்கும்.

அதுவரை இரண்டரை வாரம் இருக்கிறது. தினமும் கிளம்பும் முன் குழாயின் மேல் இருக்கிற எண்ணெயைத் துணியால் துடை. அறுபதுக்கு மேல் போகாதே. என் பட்டறை முன்னால்கூட.

கலியமூர்த்தி


கீரப்பாளையம்
9.9.2024

மாமாவுக்கு,

21ஆம் தேதிக்குச் சம்மதம். டீச்சரிடமும் ஆரோக்கியராஜ் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். டீச்சர், "ரெண்டு வண்டி ஏற்பாடா? யாரு, அன்னிக்குக் கத்துனாரே அவரா செஞ்சது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் மழையில் பேரிங் வராததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? எங்கம்மா உங்களுக்கும் அம்மா மாதிரிதான். வேண்டுமென்று செய்தவர் இல்லை. உங்கள் வாயில் பொய் வராது, அது ஊருக்கே தெரியும். அதனால்தான் மறுபடியும் சாவியைக் கொடுக்கிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இளவரசு


குடிகாடு
12.9.2024

இளவரசுக்கு,

நீ போன கடிதத்தில் எழுதியதை எழுதாமல் இருந்திருந்தால் இதை நானும் எழுதியிருக்க மாட்டேன். 21ஆம் தேதி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ வண்டியைக் கொண்டு வருவாய், வேலை நல்லபடியாக முடியும், எட்டு பேரும் பத்திரமாக இருப்பார்கள். அதுதான் புத்திசாலித்தனம். இரண்டு நாளாக அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு பார்த்தேன். பொய் வராது என்று நீ எழுதின வரியைத் தாண்ட முடியவில்லை.

அன்றைக்கு பேரிங் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே வந்தது. உட்கார்ந்து போட்டிருந்தால் எட்டு மணிக்கு வண்டி கிளம்பியிருக்கும். நாலு மணிக்கு ஒரு கம்பெனி டாங்கர் லாரி பிரேக் பிடிக்காமல் வந்து நின்றது. இந்தத் தொழிற்பேட்டையில் லாரி வேலைதான் என் பிழைப்பு. அவர்களை அனுப்பினால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள். உன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு டாங்கருக்கு அடியில் படுத்தேன். உன் போன் வந்தபோது அங்கேதான் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. பேரிங் வரவில்லை என்று வாயில் வந்துவிட்டது.

ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொல்லாமல், டாங்கர் முதலில் என்று சொல்லியிருந்தால் நீ கோபத்திலாவது கார் பிடித்திருப்பாய். அந்த வாய்ப்பைக்கூட உனக்கு நான் கொடுக்கவில்லை.

இது உன் அக்கா புஷ்பவள்ளிக்குத் தெரியாது. அவளுக்கு அம்மா. இரண்டு வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இதைப் படித்த பிறகு நீ என்ன செய்தாலும் சரி. வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டே இருக்காதே.

கலியமூர்த்தி


குடிகாடு
18.9.2024

இளவரசுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. நேற்றும் நீ தாண்டிப் போனாய். இப்போது வேகம் கூட்டுவதில்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

என்னிடம் கொண்டு வராதே. சிதம்பரத்தில் கொடு, சேத்தியாத்தோப்பில் கொடு, யாரிடமாவது கொடு. யாரிடம் கொடுத்தாலும் இதைச் சொல்லு. மேலே பூச்சு பூசி அடைக்க விடாதே, இரண்டு நாளில் பிய்ந்துவிடும். ஹெட்டைக் கழற்றினால் வளைந்திருக்கிறதா என்று பட்டை வைத்துப் பார்க்கச் சொல். பழைய போல்ட்டையே திரும்பப் போட விடாதே. பேக்கிங், போல்ட்டு வாங்கி வைத்தது இங்கே இருக்கிறது. வேலை செய்பவர் கேட்டால் அனுப்பி வைக்கிறேன், என் பேரைச் சொல்ல வேண்டாம். சபாபதியின் வேன் செவ்வாய்க்கிழமைக்குச் சொன்னது சொன்னபடி இருக்கிறது.

நேற்று கடலூரில் ஜான்சியைப் பார்த்தேன். ஒரு சின்னத் தீயணைப்பு சிலிண்டர் கொடுத்து, பின்னை எப்படிப் பிடுங்கி எப்படி அடிப்பது என்று காட்டியிருக்கிறேன். "தம்பிக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டாள். தெரிய வேண்டாம், உன் சீட்டுக்கு அடியில் வை என்றேன். இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன். இனிமேல் எதையும் மறைத்துச் செய்வதாக இல்லை.

கலியமூர்த்தி


குடிகாடு, உங்கள் பட்டறை
21.9.2024, சனி சாயந்திரம்

நீங்கள் அவர்களைக் கீரப்பாளையம் வரை கொண்டு போய் விடப் போயிருக்கிறீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். உங்கள் மேஜையில் கிடந்த பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சாவி இதன் மேல் இருக்கிறது.

நீங்கள் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நாளைக்குச் சிதம்பரத்தில் ஒருவரிடம் கொடுப்பதாக இருந்தேன். உங்களிடம் இல்லை என்று முடிவு செய்திருந்தேன். இன்றைக்கு ஒரு டிரிப் மட்டும்தான், போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். காலையில் குழாயைத் துடைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருந்தது என்பதாலேயே துடைக்கவில்லை.

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டினதும் டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து புகை வந்தது. ஓரம் கட்டினேன். பானெட் இடுக்கில் நெருப்பு. பெரிய நெருப்பு இல்லை, ஒரு முழம் இருக்கும். குழாய் நெடுக நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினேன். பக்கக் கதவு பாதி திறந்து மாட்டிக்கொண்டது. முன்னால் இருந்தவர்கள் இடுக்கில் ஒவ்வொருவராக நுழைந்து வந்தார்கள். டீச்சர் கடைசி சீட்டு. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். புகையில் அவர் முகம் தெரியவில்லை, குரல்தான். "என்ன வுட்டுட்டுப் போப்பா, நீ போ" என்றார். தோளில் போட்டேன். கதவில் நுழையும்போது அவர் கையில் ஊசி எடுத்த இடத்துக் கட்டு பிய்ந்தது. என் சட்டை முதுகு முழுதும் சூடாக நனைந்தது, தண்ணீர் என்று நினைத்தேன். வெளியே வந்தால் ஜான்சி அக்கா இன்ஜின் பக்கம் நின்று வெள்ளைப் பொடியை அடித்துக்கொண்டிருந்தார். நெருப்பு அணைந்ததும் சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓடி வந்து டீச்சர் கையை இரண்டு கட்டை விரலாலும் அமுக்கிப் பிடித்தார். பத்து நிமிஷம் விடவில்லை. அப்படியே என்னைப் பார்த்து, "போனப் போடு உங்க மாமாவுக்கு" என்றார். நான் போடவில்லை. அவர்தான் ஆரோக்கியராஜ் அண்ணனைப் போடச் சொன்னார்.

நீங்கள் சபாபதியின் வேனை எடுத்துக்கொண்டு கால் மணியில் வந்தீர்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போனீர்கள். நான் வண்டியோடு நின்றேன்.

பிறகு வேனை இழுத்துப் போக ரெக்கவரி வண்டி வந்தது. "எங்கண்ணே கொண்டு போவணும்?" என்று கேட்டான். சிதம்பரம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஐந்து நிமிஷம் அவனைக் காக்க வைத்தேன். குடிகாடு என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை தெரிந்தவர் நீங்கள்தான், அவ்வளவுதான்.

எனக்கு எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். உண்மையை மட்டும் எழுதி அனுப்புங்கள். அது கெட்ட செய்தியாக இருந்தாலும் முன்னாடியே வர வேண்டும்.

இளவரசு


குடிகாடு
23.9.2024, திங்கள் பகல் இரண்டு மணி

இளவரசுக்கு,

சபாபதியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாலரைக்குள் உன் கையில் இருக்கும். பதிலை அவரிடமே கொடுத்துவிடு, காத்திருப்பார்.

உண்மை இதுதான். ஹெட் வளைந்திருந்தது. பொன்னுரங்கம் நேற்று கடையைத் திறந்து இழைத்துக் கொடுத்துவிட்டார். எரிந்தது ஒயரும் இரண்டு ரப்பர் குழாயும். மாற்றிவிட்டேன். கதவு ரோலரும் மாற்றிவிட்டேன், இப்போது ஒரு விரலில் தள்ளலாம். ஹெட்டை மூடி ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை உன்னிடம் கொடுக்க முடியும். குழாய்மேல் ஒழுகிய கசிவு நின்றுவிடும்.

ஆனால் கழுவிப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற ஆயில் சீலும் கசிகிறது. இதை நான் முதலில் பார்க்கவில்லை. மேலேயிருந்து வழிந்த எண்ணெய் மறைத்திருந்தது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் மாற்ற முடியும். புதன் ராத்திரி ஆகிவிடும்.

வழி இரண்டு. ஒன்று, இன்று ராத்திரி வண்டியை எடுத்துக்கொள். சீல் தரையில்தான் சொட்டும், நெருப்பு பிடிக்காது. அளவு பார்த்து ஊற்றினால் ஒரு மாதம் தாங்கும் என்பது என் கணிப்பு. கணிப்புதான். நடுவில் கிளட்சில் எண்ணெய் பட்டால் வண்டி இழுக்காமல் நின்றுவிடும். இரண்டாவது, இப்போதே இறக்குவது. நாளை முறைக்கு சபாபதி வேன். வியாழன் காலை உன் வண்டி.

நான் உன் இடத்தில் இருந்தால் எதைச் செய்வேன் என்று எழுதப் போவதில்லை. போன தடவை உனக்குப் பதிலாக நான் முடிவு செய்தேன். இது உன் வண்டி, உன் ஆட்கள். நீ சொல்லு. மூடச் சொன்னால் மூடுகிறேன், இறக்கச் சொன்னால் இறக்குகிறேன்.

டீச்சருக்குக் கை எப்படி இருக்கிறது?

கலியமூர்த்தி


கீரப்பாளையம்
23.9.2024

மாமா,

இறக்குங்கள். டீச்சர் கை நன்றாக இருக்கிறது.

இளவரசு


கீரப்பாளையம்
25.9.2024

மாமாவுக்கு,

நேற்று சபாபதியின் வேன் மூன்றே முக்காலுக்கே வாசலில் நின்றது. நான்தான் ஓட்டினேன். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எட்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். என் முதுகில் தொங்கியபோது பயத்தில் என் காதைக் கடித்துவிட்டாராம். எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் தடம் இருக்கிறது.

இன்று வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். 12ஆம் தேதி எழுதியதை மட்டும் மூன்று தடவை படித்தேன். அது வந்த அன்று உங்களைக் கொன்றுவிடலாம் போல் இருந்தது. அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நம்பரை அழுத்தினேன். அக்கா எடுத்து, "இன்னாடா, சாப்புட்டியா?" என்றது. சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்களுக்காக வைக்கவில்லை. சொன்னால் அக்கா ஒரு கேள்வி கேட்கும், அதற்குப் பதில் என்னிடம் இருந்தது, அதனால்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி, நீங்கள் வண்டி இல்லை என்று சொன்ன பிறகு, பக்கத்து வீட்டு அறிவழகன் வந்தான். "என் காரு சும்மாத்தான் நிக்குது, அம்மாவ இட்டுக்கினு போ, சாவி இந்தா" என்றான். சாவியை வாங்கி அலமாரியில் வைத்தேன். நாலு மணிக்கு அலாரம் அடித்தது. வெளியே மழை கொட்டியது. எழுந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ஒரு நாளுதான, மழையில அலையாத, வுடு" என்றது. எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் நாலு மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன். அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஏழு மணி வரை தூங்கினேன். நல்ல தூக்கம், மாமா. அந்த மாதிரித் தூக்கம் அதற்கப்புறம் வரவில்லை.

அக்காவிடம் வண்டி கிடைக்கவில்லை என்றுதான் சொன்னேன். நீங்கள் பேரிங் வரவில்லை என்றீர்கள், நான் வண்டி கிடைக்கவில்லை என்றேன். இரண்டு வருஷமாக உங்கள் பொய்க்குப் பின்னால் என் பொய்யை ஒளித்து வைத்திருந்தேன். உங்கள்மேல் எவ்வளவு கோபப்பட்டேனோ அவ்வளவு எனக்கு வசதியாக இருந்தது.

இதனால் நீங்கள் செய்தது சின்னதாகிவிடாது. நான் செய்ததும் ஆகாது.

இதை இன்றைக்கே சபாபதியிடம் கொடுத்து அனுப்புகிறேன்; நாளை விடிகாலை இரண்டு மணிக்கு அவரோடு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அப்போது பட்டறையில் இதைப் பற்றிப் பேச வேண்டாம். வண்டியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிறேன். அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டால் நிம்மதி என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. தனியாகச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து, உங்களுடையதை நீங்களும் என்னுடையதை நானும் சொல்வோம். அக்கா என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே போங்கடா என்றால் இரண்டு பேரும்தான் போக வேண்டும்.

இளவரசு